மின் மேற்பார்வையாளர்: என்ன வேலை, என்ன தகுதி, எப்படித் தயாராவது? முழுமையான வழிகாட்டி

ஒரு பேனலின், அதாவது பிரேக்கர்களும் இணைப்புகளும் இருக்கும் மின்பெட்டியின், மூடி திறந்திருக்கிறது. உள்ளே கை வைக்கலாமா என்று வயர்மேன் கேட்கிறார். ‘வைக்கலாம்’ என்று சொல்ல வேண்டியவர்தான் மின் மேற்பார்வையாளர். அந்த ஒரு சொல்லை நம்பி இன்னொருவர் தன் கையை உள்ளே நீட்டுகிறார். படிப்பு, அனுபவம், தேர்வு, சான்றிதழ் எல்லாமே அந்தச் சொல்லைத் தப்பில்லாமல் சொல்வதற்காகத்தான் இருக்கின்றன.

இந்தப் பொறுப்புக்கு வர நினைப்பவர்களுக்காகவும், வந்து சில மாதங்களே ஆனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சான்றிதழ் வாங்குவது எப்படி என்பதைவிட, சான்றிதழ் வாங்கிய பிறகு களத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பலரும் தடுமாறுவது அங்கேதான்.

மேற்பார்வையாளரின் இடம் எது

பொறியாளர் வடிவமைக்கிறார். ஒப்பந்ததாரர் பொருளும் ஆளும் தருகிறார். வயர்மேன் கம்பி இழுத்து இணைக்கிறார். இவர்கள் மூவருக்கும் நடுவில் நிற்பவர் மேற்பார்வையாளர். வரைபடத்தில் உள்ளது போலத்தான் வேலை நடந்திருக்கிறதா, விதிக்கு உட்பட்டிருக்கிறதா, சப்ளை கொடுத்தால் யாருக்கும் ஆபத்து வராதா என்று பார்த்து, சோதித்து, கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தொழிற்சாலையில் என்றால் பராமரிப்பு, பழுது பார்ப்பது, ஷட்டவுன் திட்டமிடுவது ஆகியவையும் சேரும்.

நல்ல வயர்மேனாக இருந்து இந்த இடத்துக்கு வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கை சும்மா இருக்காது. ஒருவர் லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக முனையை) கிரிம்ப் செய்வதில், அதாவது அழுத்திப் பொருத்துவதில், தடுமாறினால், ‘இங்கே கொடு’ என்று வாங்கி நாமே செய்துவிடத் தோன்றும். ஆனால் நீங்கள் குனிந்து ஸ்பேனர் பிடித்திருக்கும் நேரத்தில், பின்னால் இன்னொருவர் தவறான பேனலைத் திறந்துகொண்டிருக்கலாம். முழு இடத்தையும் பார்க்க ஒருவர் வேண்டும், அது நீங்கள்தான். சொல்லிக் கொடுங்கள், செய்ய விடுங்கள், செய்ததைப் பாருங்கள்.

படி 1: படிப்பும் அனுபவமும்

இந்த வேலைக்குப் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறார்கள். தொழிற்பயிற்சிப் பள்ளியில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவு முடித்து, பல ஆண்டுகள் களத்தில் வேலை செய்துவிட்டு வருவது ஒன்று. மின்னியலில் டிப்ளமா முடித்து, சில ஆண்டு அனுபவத்தோடு வருவது இரண்டாவது. பொறியியல் பட்டம் பெற்று, அதைவிடக் குறைந்த அனுபவத்தோடு வருவது மூன்றாவது. படிப்பு கூடக் கூட, கேட்கப்படும் அனுபவ ஆண்டுகள் குறையும் என்பது பொதுவான வழக்கம். எத்தனை ஆண்டு, எந்தப் படிப்பு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் உரிமம் தரும் அலுவலகத்தின் அறிவிப்பை நேரடியாகப் படித்துவிடுங்கள். தெரிந்தவர் சொன்னதை நம்பி விண்ணப்பித்தால், அவர் காலத்து விதி இப்போது மாறியிருக்கக்கூடும்.

அனுபவத்தில் ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. ஐந்து ஆண்டும் வீட்டு வயரிங் மட்டுமே செய்தவருக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் புதிதாக இருக்கும். ஐந்து ஆண்டும் பேனல் மட்டுமே பார்த்தவருக்கு எர்த் குழி எப்படிப் போடுவது என்று தெரியாது. வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் வேறு வேறு வேலைக்குப் போங்கள். கேபிள் இழுப்பது, ஜாயிண்ட், கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் பொருத்து) போடுவது, டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், மோட்டார் கண்ட்ரோல், எர்த்திங், டெஸ்டிங் எல்லாவற்றிலும் ஓரளவாவது கை பட்டிருக்க வேண்டும். செய்த வேலைகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தில் அனுபவச் சான்று கேட்கும்போது அது உதவும். நேர்முகத் தேர்வில் ‘என்னென்ன செய்திருக்கிறாய்?’ என்று கேட்கும்போது இன்னும் அதிகமாக உதவும்.

படி 2: தேர்வும் சான்றிதழும்

எழுத்துத் தேர்வு, நேர்முகம், செய்முறை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ மூன்றுமோ இருக்கும். கேள்விகள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வரும்: மின்னியல் அடிப்படை, உங்கள் நாட்டின் மின்பாதுகாப்பு விதிகள், சோதனை முறைகள்.

விதிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் விதி தானாக நினைவில் நிற்கும். பல நாடுகளின் வயரிங் விதிகளுக்கு ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேசத் தரநிலைத் தொகுப்பு அடிப்படையாக இருக்கிறது. பிரிட்டனின் பி.எஸ். 7671, 1882இல் வந்த முதல் பதிப்பிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1897இல் தொடங்கி, இன்று மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. விதி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், உங்களிடம் இருப்பது இப்போது நடைமுறையில் உள்ள பதிப்புதானா என்று முதலில் பாருங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் அதில் எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். எந்த மின்னழுத்தம் வரை, எந்த வகை வேலைக்கு, எந்தத் தேதி வரை அது செல்லும் என்று இருக்கும். அந்த எல்லைக்கு வெளியே உள்ள வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால், யார் சொன்னாலும் போடாதீர்கள். சான்றிதழை ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டு, வேலை நடக்கும் இடத்துக்கே போகாமல் பெயரை மட்டும் வாடகைக்கு விடுவது இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய தவறு. அங்கே ஒருவர் இறந்தால், பார்க்காத வேலைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

படி 3: கணக்கு கையில் இருக்க வேண்டும்

வடிவமைப்பது பொறியாளரின் வேலைதான். ஆனால் தப்பான வடிவமைப்பு கைக்கு வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்காவது மேற்பார்வையாளருக்குக் கணக்கு தெரிய வேண்டும். ஒரு உதாரணம் பார்ப்போம்.

15 கிலோவாட் மோட்டார், 400 வோல்ட், மூன்று பேஸ். பவர் பேக்டர் (திறன் காரணி) 0.85, செயல்திறன் 0.9 என்று வைத்துக்கொள்வோம். 15,000ஐ 1.732 × 400 × 0.85 × 0.9 ஆல் வகுத்தால் சுமார் 28 ஆம்பியர் வரும். முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் தொடங்கினால், தொடக்க மின்னோட்டம் இதைப் போல் ஆறு மடங்குக்கு மேலும் போகும். அதாவது சில நொடிகளுக்குச் சுமார் 170 ஆம்பியர். பிரேக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறந்தால், மோட்டாரைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரிப் ஆகும்.

இப்போது கேபிளுக்கு வருவோம். அட்டவணையில் 40 ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருக்கும் பி.வி.சி. கேபிளை எடுக்கிறார்கள். 28க்கு 40 தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த 40 என்பது சுற்று வெப்பம் 30 டிகிரியாக, கேபிள் தனியாக இருக்கும்போது சொல்லப்பட்டது. ஒரே டிரேயில் (கேபிள்களைத் தாங்கும் தட்டில்) ஆறு சர்க்யூட் ஒன்றாகக் கட்டப்பட்டால் 0.57 ஆல் பெருக்க வேண்டும். சுற்று வெப்பம் 40 டிகிரி என்றால் இன்னொரு 0.87. நாற்பது ஆம்பியர் கேபிள் இருபதுக்கும் கீழே வந்துவிடுகிறது. மோட்டாருக்கு வேண்டியதோ 28. இந்தக் கேபிள் முதல் நாள் எரியாது. சில வருடங்களில் இன்சுலேஷன் காய்ந்து, வெடித்து, பிறகு ஒரு நாள் எரியும். டிரேயில் கேபிள்கள் நெருக்கி அடுக்கியிருப்பதைப் பார்த்ததுமே இந்தப் பெருக்கல் மனதில் ஓட வேண்டும்.

கணக்கில் இன்னொன்றும் முக்கியம். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. லூஸாக இருக்கும் ஒரு டெர்மினல் ஏன் கருகுகிறது என்று கேட்டால் விடை இதில்தான் இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் தடை கூடுகிறது, வெப்பம் முழுவதும் அங்கே குவிகிறது.

படி 4: சப்ளையை நிறுத்துவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். லைன் ஓடும்போது வேலை செய்யாமல், நிறுத்திவிட்டு வேலை செய்வதே இயல்பான முறை. நிறுத்துவது என்பது பிரேக்கரைக் கீழே தள்ளுவதோடு முடிவதில்லை. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 50110 ஐந்து செயல்களை வரிசையாகச் சொல்கிறது. எந்த நாட்டில் வேலை செய்தாலும் அந்த வரிசை பொருந்தும்.

முதலில், எல்லாப் பக்கமிருந்தும் துண்டிக்க வேண்டும். ‘எல்லாப் பக்கமும்’ என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மெயின் சப்ளை ஒன்று. ஜெனரேட்டர், யூ.பி.எஸ்., சோலார் இன்வெர்ட்டர், கண்ட்ரோல் சர்க்யூட்டுக்கு வேறு பேனலிலிருந்து வரும் சின்ன லைன் என்று எத்தனையோ வழிகளில் மின்சாரம் பின்பக்கமாக வந்து சேரும்.

இரண்டாவது, மறுபடி யாரும் போட்டுவிடாதபடி பூட்ட வேண்டும். பிரேக்கரில் பூட்டு, அதில் உங்கள் பெயர், நேரம், என்ன வேலை என்று எழுதிய அட்டை. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவரவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டை எடுத்தால்தான் சப்ளை போட முடியும். வாய்ச்சொல்லாக ‘ஆஃப் பண்ணிட்டேன்’ என்று போனில் சொல்வதை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

மூன்றாவது, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்வது. இதற்கும் ஒரு முறை உண்டு. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் ஒவ்வொரு பேஸுக்கும் இடையிலும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் பாருங்கள். முடித்ததும் மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால், கடைசிச் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நான் மேற்பார்வைக்கு வந்த முதல் வருடத்தில், பூட்டிய பேனலில் இந்த மூன்றாவது செயலைச் செய்யும்போது, மின்சாரம் இருப்பதாக டெஸ்டரின் விளக்கு எரிந்தது. மெயின் ஆஃப், பூட்டு போட்டாகிவிட்டது, வரைபடத்திலும் வேறு லைன் இல்லை. ஆனால் எப்போதோ ஒருவர் கண்ட்ரோல் சர்க்யூட்டுக்கு யூ.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு லைனை இழுத்து விட்டிருந்தார், வரைபடத்தில் ஏற்றவே இல்லை. சோதிக்காமல் விட்டிருந்தால் என்னோடு நின்ற பையன் அதில்தான் கை வைத்திருப்பான். அன்றிலிருந்து வரைபடத்தை நான் ஒரு தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். நம்புவது டெஸ்டரை மட்டும்தான், அதையும் இரண்டு முறை சோதித்த பிறகு.

நான்காவது, எர்த் செய்து ஷார்ட் செய்வது. உயர் அழுத்த லைன்களில் இது கட்டாயம். பக்கத்தில் ஓடும் இன்னொரு லைனிலிருந்து தூண்டப்படும் மின்னழுத்தமோ, தவறுதலாகத் திரும்பி வரும் சப்ளையோ இருந்தால், அது மனிதன் வழியே போகாமல் எர்த் வழியே போகும். எர்த் கம்பியை மாட்டும்போது எர்த் முனையை முதலில் மாட்ட வேண்டும், பிறகுதான் லைன் முனை. கழற்றும்போது தலைகீழ். கெப்பாசிட்டர் பேங்க் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆஃப் செய்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆக நேரம் கொடுத்து, பிறகு அளந்து, அதற்கப்புறமே தொட வேண்டும்.

ஐந்தாவது, பக்கத்தில் மின்சாரம் ஓடும் பகுதிகளை மறைப்பது. ரப்பர் விரிப்பு, தடுப்பு, கயிறு, எச்சரிக்கைப் பலகை.

இவை எல்லாம் முடிந்த பிறகு எழுத்தில் பெர்மிட் கொடுக்க வேண்டும். லைன் கிளியர் என்று பலர் சொல்வது இதைத்தான். யாருக்குக் கொடுத்தீர்களோ அவரே வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்களும் கருவிகளும் வெளியே வந்துவிட்டன, எர்த் கழற்றியாகிவிட்டது என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகே சப்ளை. சாப்பாட்டு நேரத்தில் இன்னொருவர் மூலம் திருப்பி அனுப்பினால் வாங்காதீர்கள்.

படி 5: ஆட்களோடு வேலை செய்வது

காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் நிறுத்திப் பேசுங்கள். இன்று என்ன வேலை, எது ஆஃப், எது இன்னும் ஓடுகிறது, எதைத் தொடக்கூடாது. நீண்ட உரை வேண்டாம். முடிவில் ஒருவரைக் கைகாட்டி, ‘நீ சொல்லு, எந்தப் பேனல் லைவ்?’ என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் மறுபடி சொல்லுங்கள்.

புதிதாக வந்தவரைத் தனியாக விடாதீர்கள். தூங்காமல் வந்தவர், உடம்பு சரியில்லாதவர், குடித்துவிட்டு வந்தவர் யாரையும் பேனல் பக்கம் அனுப்பாதீர்கள். இதில் கொஞ்சமும் தயங்க வேண்டாம். அன்றைக்கு உங்கள் மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

முதலாளியோ, கட்டடத்தின் உரிமையாளரோ, உற்பத்திப் பிரிவோ ‘இன்னும் பத்து நிமிடத்தில் லைன் வேண்டும்’ என்று அவசரப்படுத்துவது அடிக்கடி நடக்கும். அப்போது நீங்கள் நிதானம் இழந்தால் உங்களுக்குக் கீழே உள்ள எல்லோரும் நிதானம் இழப்பார்கள். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்பதை, வேலையில் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: சப்ளை கொடுக்கும் முன் சோதனைகள்

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம், கண் போதும். கிளாண்ட் இறுக்கமாக இருக்கிறதா, கம்பியின் இழைகள் லக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டையில்) நேரடியாக மாட்டிவிட்டார்களா, டார்க் ரென்ச் வைத்து இறுக்கிய போல்டுகளில் அடையாளக் கோடு போட்டிருக்கிறதா, பேனலுக்குள் வெட்டிய கம்பித் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். பாதிக் குறைகள் இங்கேயே பிடிபடும்.

அடுத்தது எர்த் தொடர்ச்சி. உலோக உடல் உள்ள ஒவ்வொரு கருவியிலிருந்தும் மெயின் எர்த் பார் வரை கம்பி அறுபடாமல் போகிறதா என்று அளக்க வேண்டும். பிறகு இன்சுலேஷன். 500 வோல்ட் வரையிலான சாதாரண சர்க்யூட்டுகளுக்கு 500 வோல்ட் டி.சி. மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்து அளந்தால், ஐ.இ.சி. 60364இன்படி குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். புதிய வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வரும். புதிய வேலையில் 1.2 வந்தால் ‘விதிப்படி பாஸ்’ என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ ஈரமோ, நசுங்கிய கம்பியோ இருக்கிறது, தேடுங்கள். மெகர் போடும் முன் எலக்ட்ரானிக் கருவிகளையும், திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரையும் கழற்றிவிடுங்கள். அளந்து முடித்ததும் கேபிளை டிஸ்சார்ஜ் செய்யுங்கள், நீளமான கேபிள் நல்ல அடி கொடுக்கும்.

பொலாரிட்டி சரியா, சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பேஸ் மோட்டார் என்றால் பேஸ் வரிசையையும் பாருங்கள். தலைகீழாகச் சுற்றும் பம்ப் சத்தம் மட்டும் போடும், தண்ணீர் சரியாக வராது.

எர்த் லூப் சோதனையைப் பலர் தவிர்க்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். பழுது நேர்ந்தால் மின்சாரம் பேஸ் வழியே வந்து எர்த் வழியே திரும்பும் முழுச் சுற்றின் தடைதான் லூப் தடை. 230 வோல்ட் லைனில் அது 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் உடலில் பேஸ் பட்டால் 115 ஆம்பியர் ஓடும். எம்.சி.பி. என்பது சிறிய பிரேக்கர். பி, சி என்ற எழுத்துகள், எத்தனை மடங்கு மின்னோட்டத்தில் அது உடனே விழும் என்பதைக் குறிக்கும். 16 ஆம்பியர் பி வகை எம்.சி.பி. அதிகபட்சம் ஐந்து மடங்கில், அதாவது 80 ஆம்பியரில், உடனே விழுந்துவிடும். நல்லது. ‘அடிக்கடி டிரிப் ஆகிறது’ என்று யாரோ அதை 16 ஆம்பியர் சி வகையாக மாற்றுகிறார்கள். அது உடனே விழும் என்று உறுதியாகச் சொல்லப் பத்து மடங்கு, 160 ஆம்பியர் வேண்டும். இப்போது 115 ஓடினால் பல நொடிகள் விழாமலே நிற்கலாம். அதுவரை கருவியின் உடல் முழுதும் மின்சாரம் இருக்கும். எம்.சி.பி.யில் ஓர் எழுத்துதான் மாறியது. ஆபத்து வந்துவிட்டது.

எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டித்து மனிதர்களைக் காக்கப் போடும் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகையாக இருக்கும். அந்த அளவுக் கசிவில் 300 மில்லி நொடிக்குள் அது விழ வேண்டும். மூடியில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துவது இயக்கத்தை மட்டுமே காட்டும். நேரத்தை அளக்கக் கருவி தேவை. ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால், எர்த்துக்குக் கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி. விழாது என்பதையும் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

படி 7: பதிவுகள்

அளந்த எண்ணை அளந்த நேரத்திலேயே எழுதுங்கள். மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதிய ரிப்போர்ட்டில் எல்லா அளவும் ஒரே மாதிரி இருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். எந்தக் கருவி, அதன் கேலிபரேஷன் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் சேருங்கள். களத்தில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரைபடத்தில் சிவப்பு மையில் குறியுங்கள். அந்த யூ.பி.எஸ். லைனை இழுத்தவர் இதைச் செய்திருந்தால், எங்களுக்கு அந்த நாள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

படி 8: விபத்து நடந்தால்

ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருப்பவரைத் தொடாதீர்கள். முதலில் சப்ளையை நிறுத்துங்கள். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே, எந்த பிரேக்கரை ஆஃப் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டி வைக்க வேண்டும். உயர் அழுத்த லைன் என்றால், நிறுத்தியது உறுதியாகும் வரை பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

சப்ளை நின்றதும் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். விழுந்தவர் அசையவில்லை, இயல்பாக மூச்சு விடவில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு மார்பின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஏ.இ.டி. (இதயத்துக்கு மின் அதிர்வு கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும்) கருவி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள். களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் குறைந்தது இரண்டு பேருக்கு இந்தப் பயிற்சி இருக்க வேண்டும், அதில் ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்பில் வரும் கோளாறும் உள்காயமும் வெளியே தெரியாது.

பிறகு அந்த இடத்தில் எதையும் மாற்றாமல் தடுப்புப் போடுங்கள். போட்டோ எடுங்கள், பிரேக்கரின் நிலை, பூட்டு, பெர்மிட் எல்லாவற்றையும் அப்படியே பதிவு செய்யுங்கள், விதிப்படி அதிகாரிக்குத் தகவல் கொடுங்கள். அதே பூட்டு முறையோடும் அதே சோதனைகளோடும் அந்தப் பேனல் மறுபடி ஒருமுறை முழுதாகப் பார்க்கப்படும் வரை சப்ளை வேண்டாம்.